செவி பொறித்த கற்கள்

சில வருஷங்களுக்கு முன் ஒசைரிஸை விளித்து நான் ஒரு கவிதை எழுதினேன். துண்டு துண்டாக வெட்டப்பட்ட கடவுள், நைல், நாணல், இருட்டு எல்லாம் அதில் இருந்தன. நண்பர்கள் சிலர் படிமங்களைப் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும், 'ஒசைரிஸிடம் உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டார். சொல்ல என்னிடம் பதில் இல்லை. கவிதையிலும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பெயரின் ஓசை மட்டுமே. நண்பரின் கேள்வியை வைத்துக்கொண்டு சில பழைய தெய்வங்களையும், நாவலாசிரியர்கள் தங்கள் கற்பனை உலகங்களுக்கென்று சிருஷ்டித்த சில தெய்வங்களையும் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

இவ்விரு வகைத் தெய்வங்களும் நம்மைப் பொறுத்தவரை ஒரே வரிசையில் நிற்பவை. எகிப்தின் அமுனுக்கு நாம் விளக்கேற்றுவதில்லை. டோல்கீனின் எல்பெரெத்துக்கும் ஏற்றுவதில்லை. இருந்தும், ஒரு பழைய பிரார்த்தனைக் கல்லைப் படிக்கும்போது உள்ளே ஏதோ அசைகிறது. கற்பனை உலகத்தின் தெய்வ வம்சாவளியைப் படிக்கும்போது பெரும்பாலும் அசைவதில்லை. முன்னது நிஜமாகவே நம்பப்பட்டது, பின்னது நம்பப்படவில்லை என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். இந்தக் காரணம் போதாது என்பது என் கட்சி. நம்பப்பட்ட தெய்வங்களைப் பற்றிய எழுத்திலேயே ஜீவனற்றவை ஏராளம். கோயில் சுவர்களில் பட்டப்பெயர்களாக அடுக்கிக்கொண்டு போகும் துதிகளைப் படித்துச் சலித்தவர்களுக்கு இது தெரியும். கற்பனையில் பிறந்த தெய்வங்களில் ஒன்றிரண்டு உயிரோடு இருக்கவும் செய்கின்றன. ஆகவே கோடு வேறெங்கோ ஓடுகிறது.

*

ராமெஸ்ஸீய அரசர்களின் காலத்துக்கு 'தனிப்பட்ட பக்தியின் யுகம்' என்று ப்ரெஸ்டெட் 1912இல் பெயர் வைத்தார். பக்தி என்றதும் நமக்கு உருக்கமும் கண்ணீரும் சரணாகதியும் கூடவே வந்துவிடுகின்றன. அவற்றைச் சற்று நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு அந்தக் கற்களைப் பார்க்க வேண்டும். அவற்றில் முக்கியமானவை பலவும் ஒரே ஊரைச் சேர்ந்தவை. தீப்ஸுக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து சித்திரம் தீட்டிய தொழிலாளர்கள் குடும்பத்தோடு குடியிருந்த ஊர் அது. இன்றைய பெயர் டெய்ர் எல்-மெதீனா. அமுனின் பெரிய கோயில் ஆற்றுக்கு அக்கரையில், கார்னக்கில். உள்ளே போக இவர்களுக்கு உரிமை கிடையாது. திருவிழாவில் தெய்வம் படகில் வெளியே வரும்போதும் திரைக்குள்தான் வரும். முகம் காட்டாத அந்தத் தெய்வத்திடம்தான் இவர்கள் பேசினார்கள்.

சித்திரக்காரன் நெப்ரே நிறுத்திய கல் இப்போது பெர்லினில் இருக்கிறது. அவன் மகன் நக்த்-அமுன், அவனும் சித்திரக்காரன், சாகக் கிடந்தான். மகன் செய்த ஒரு குற்றத்துக்காக அமுன் கோபித்துக்கொண்டார் என்று தகப்பன் புரிந்துகொள்கிறான். மகன் பிழைத்தால் உன் பெயரில் ஒரு கல் நாட்டி, நடந்ததை அதில் எழுதுவேன் என்று நேர்ந்துகொள்கிறான். மகன் பிழைக்கிறான், கல் நிற்கிறது. தவறு செய்வது வேலைக்காரனின் சுபாவம் என்றால் மன்னிப்பது எஜமானனின் சுபாவம் என்றும், அமுன் ஒரு முழு நாள் கோபத்தை வைத்துக்கொண்டிருப்பவர் அல்ல என்றும் அதில் சொல்கிறான். இது துதியா, வாதமா? எஜமானனின் குணத்தை எஜமானனிடமே எடுத்துச் சொல்லி, இனி அவர் அதிலிருந்து நழுவ முடியாதபடி கல்லில் வெட்டி வைத்துவிடுகிற சாமர்த்தியம் இதில் இருக்கிறது. பயந்துபோன தகப்பனின் சாமர்த்தியம்.

நெஃபராபு என்பவனின் கல் டூரினில் இருக்கிறது. அரசர்களின் பள்ளத்தாக்குக்கு மேலே கூம்பாக ஒரு மலைச்சிகரம் உண்டு. அதில் மெரெத்செகெர் என்ற நாகதேவதை குடியிருந்தாள். மௌனத்தை நேசிப்பவள் என்பது அந்தப் பெயரின் அர்த்தம். நல்லது கெட்டது தெரியாமல் சிகரத்துக்கு எதிராகத் தப்புச் செய்தேன், அவள் எனக்குப் பாடம் கற்பித்தாள் என்கிறான் நெஃபராபு. பிரசவ வேதனையில் செங்கல்மேல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப்போல் ஆனானாம். மூச்சுக்குக் காற்றைக் கூப்பிட்டான், அது வரவில்லை. பிறகு அவள் மனம் இரங்கினாள். இதமான காற்றாக வந்தாள். வராமல் போன காற்றும் வந்த காற்றும் ஒன்றுதான். இதே நெஃபராபு ப்தாஹ்வின் பெயரில் பொய்ச்சத்தியம் செய்து, பகலில் இருட்டைக் கண்டதாகச் சொல்லும் கல் லண்டனில் இருக்கிறது. அதில் தன்னைத் தெருநாயோடு ஒப்பிட்டுக்கொள்கிறான்.

இந்தக் கல்வெட்டுகளில் தெய்வத்தைப் பற்றிய வர்ணனை மிகக் குறைவு. மெரெத்செகெர் எப்படி இருப்பாள், யாருக்குப் பிறந்தாள், அவளுக்கும் ப்தாஹ்வுக்கும் என்ன உறவு என்பதெல்லாம் நெஃபராபுவுக்குத் தேவைப்படவில்லை. சிகரத்துக்குள் ஒரு சிங்கம் இருக்கிறது, ஜாக்கிரதை என்று மட்டும் ஊராருக்குச் சொல்கிறான். தேவதைக்கு ஆளுமை எங்கிருந்து வருகிறது? அவனுடைய மூச்சுத் திணறலிலிருந்து. அவன் பட்ட அவஸ்தையின் அளவுதான் அவளுடைய அளவு. எகிப்தின் வேறு சில பிரார்த்தனைக் கற்களில் உருவங்களுக்குப் பதிலாக வெறும் காதுகளைப் பொறித்திருக்கிறார்கள். சிலவற்றில் ஒரு ஜோடி, சிலவற்றில் வரிசை வரிசையாக. முகம் வேண்டாம், கேட்டால் போதும்.

பாபிலோனில் கடவுளுக்குக் கடிதமே எழுதினார்கள். அபில்-அடாட் என்பவன் தன் சொந்தக் கடவுளைத் தகப்பன் ஸ்தானத்தில் வைத்து எழுதியது ஒன்று கிடைத்திருக்கிறது. என்னை ஏன் கவனிக்கவில்லை, என்னைப்போல் இன்னொருவன் உனக்குக் கிடைப்பானா என்று கேட்கிறான். மர்துக்குக்கு உன்மேல் பிரியம் உண்டு, எனக்காக அவருக்கு எழுது என்கிறான். பெரிய இடத்தில் செல்வாக்குள்ள உறவினருக்கு எழுதும் சிபாரிசுக் கடிதம். இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் கடிதத்தின் முடிவில் வீட்டில் இருக்கும் பெரியவர்கள், சின்னவர்கள் எல்லோரையும் சொல்லி, அவர்களுக்காகவாவது இரங்கு என்கிறபோது சிரிப்பு நின்றுவிடுகிறது. இந்த உறவில் தத்துவம் ஒன்றுமில்லை. விலாசம் இருக்கிறது, குறை இருக்கிறது, பதில் வராமல் போகக்கூடிய சாத்தியம் இருக்கிறது. இந்த மூன்றும் கூடிய இடத்தில் தெய்வம் ஒரு ஆளாகிவிடுகிறது.

*

தனிப்பட்ட உறவு என்பதாலேயே அது உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் பேச்சாளன் ஏலியஸ் அரிஸ்டைடீஸை எடுத்துக்கொள்வோம். ரோமாபுரிப் பயணத்தில் நோய் கண்டு, பெர்கமத்தில் அஸ்க்ளீப்பியஸின் கோயிலில் சுமார் இரண்டு வருஷம் கிடந்தவன். கனவில் தெய்வம் சொன்னதையெல்லாம் செய்தான். கடுங்குளிரில் ஆற்றில் குளித்தான், பட்டினி கிடந்தான், ரத்தம் வெளியேற்றிக்கொண்டான். கனவுகளை எழுதிவைத்தான். அந்தக் குறிப்புகள் மூன்று லட்சம் வரிகளுக்கு மேல் என்று அவனே சொல்கிறான். பல வருஷம் கழித்து அவற்றிலிருந்து 'புனித உரைகள்' என்ற நூலை எழுதினான்.

அதில் ஒரு கனவு. முழு உடம்பும் பிழைக்க வேண்டுமானால் உடம்பின் ஒரு பகுதியை வெட்டித்தர வேண்டும் என்கிறது தெய்வம். அது கஷ்டம் என்பதால் சலுகையும் தருகிறது: விரலுக்குப் பதில் மோதிரத்தைக் கழற்றிக் கொடு. இதைப் படிக்கும்போது தெய்வத்துக்கும் மனிதனுக்கும் நடுவே நடக்கும் இந்தப் பேரத்தில் ஒரு அந்தரங்க மென்மை தெரிகிறது. ஆனால் அதே நூலில் பிலூமெனே என்ற பெண் வருகிறாள். அவனுடைய வளர்ப்புச் சகோதரியின் மகள். அவள் இறந்துபோகிறாள். தன் உயிருக்குப் பதிலாக அவள் உயிர் போயிற்று என்று அவன் அர்த்தம் செய்துகொள்கிறான். மோதிரத்தைக் கொடுத்தவன் இந்தக் கணக்கையும் அதே நிம்மதியோடு ஏற்றுக்கொள்கிறான். தெய்வம் தன்னிடம் மட்டும் பேசுகிறது என்று நம்புகிறவனுக்கு மற்றவர்களின் சாவுகூடத் தனக்கு வந்த செய்தியாகிவிடுகிறது.

அரிஸ்டைடீஸையும் யூரிப்பிடீஸின் ஹிப்பொலிட்டஸையும் கிரேக்கர்களின் தனிப்பட்ட மத உணர்வுக்குச் சான்றுகளாக எடுத்துக்கொண்டு ஃபெஸ்டுஜியேர் 1954இல் ஒரு நூல் வெளியிட்டார். டொமினிக்கன் சபைத் துறவியான அவர் தேடியது மனிதனுக்கும் தெய்வத்துக்கும் இடையிலான நெருக்கத்தை. நெருக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதே என் கேள்வி.

கி.மு. 428இல் மேடையேறிய அந்த நாடகத்தில் ஹிப்பொலிட்டஸ் ஆர்ட்டெமிஸோடு காடுகளில் வேட்டையாடித் திரிகிறவன். அவள் குரலைக் கேட்பான், முகத்தைப் பார்த்ததில்லை. அவளுக்கே அவன் எல்லாம் என்பதால் அஃப்ரொடைட்டியை மதிக்கவில்லை. அந்த அவமதிப்புக்குத்தான் அழிகிறான். சிற்றன்னையின் பொய், தகப்பனின் சாபம், மிரண்ட குதிரைகள். குற்றுயிராகக் கிடக்கும்போது ஆர்ட்டெமிஸ் வருகிறாள். வாசனையிலிருந்தே அவளைத் தெரிந்துகொள்கிறான். தன் நிலைமையைப் பார்க்கிறாயா என்று கேட்கிறான். பார்க்கிறாள், ஆனால் கண்ணீர் விட அவளுக்கு விதி இல்லை. சாவின் கடைசி மூச்சு தெய்வங்களைத் தீட்டுப்படுத்தும் என்பதால், அவன் சாவதற்கு முன்பே புறப்பட்டுவிடுகிறாள். இவ்வளவு காலத் தோழமையை இவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிறாளே என்று அவன் சொல்லும் அந்த இடத்தில், மனிதனுக்கும் தெய்வத்துக்கும் இடையில் உள்ள தூரம் முழுவதும் திறந்துகொள்கிறது. அவனுக்கு ஈடாக அவள் தருவது ஒரு சடங்கு: ட்ரோஸன் நகரத்துப் பெண்கள் கல்யாணத்துக்கு முன் அவனுக்காகக் கூந்தலை வெட்டிக்கொள்வார்கள்.

இந்த ஆர்ட்டெமிஸ் ஒரு எழுத்தாளன் செய்தவள். நெஃபராபுவின் சிகரத்தைப்போல நேரடிச் சாட்சியம் அல்ல. அவளுக்குப் பலியிட்டு வந்த ஜனங்களுக்கு முன்னால் அவளை இப்படி நிறுத்தினான் யூரிப்பிடீஸ். பக்தனைக் கைவிட முடிந்த தெய்வத்தை எழுதினான். கற்பனையில் தெய்வம் உயிர்பெறுவதற்கு என்ன வேண்டும் என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

*

நவீன காலத்தில் ஒரு முழுத் தெய்வக்கூட்டத்தையே ஆரம்பத்திலிருந்து உண்டாக்கிக் காட்டியவர் டன்ஸனி. 1905இல் வந்த 'பெகானாவின் கடவுள்கள்' விவிலியத்தின் நடையில் எழுதப்பட்டது. எல்லாக் கடவுள்களையும் படைத்த மானா-யூத்-ஸுஷாய் தூங்குகிறார்; ஸ்கார்ல் முரசடித்துக்கொண்டே இருக்கிறான்; முரசு நின்றால் அவர் விழித்துக்கொள்வார், உலகங்கள் இல்லாமல் போகும். கம்பீரமான கற்பனை. ஆனால் இவரிடம் யாரும் எதையும் கேட்க முடியாது. புத்தகம் உயிர்பெறுவது வீட்டுத் தெய்வங்கள் வரும் சின்ன அத்தியாயத்தில். உடைந்த சாமான்களுக்கு ஜாபிம் என்று ஒரு தெய்வம். வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, தூக்கியெறிந்தவற்றுக்காகப் புலம்புகிறது. பூனையைத் தடவிக் கொடுக்க ஒன்று, நாயைச் சமாதானப்படுத்த ஒன்று. பிரபஞ்சத்தைப் படைத்தபோது டன்ஸனிக்குக் கிடைத்தது வெறும் நடை. உடைந்த பானையைப் பார்த்தபோது தெய்வம் கிடைத்தது.

டோல்கீனின் வழி வேறு. மோதிரக் கதையில் கோயில்களும் வழிபாடுகளும் ஏறக்குறைய இல்லவே இல்லை. மத அம்சம் கதைக்குள்ளேயே கரைந்துவிட்டது, அதனால் வெளிச்சடங்குகளை நீக்கிவிட்டேன் என்ற அர்த்தத்தில் 1953இல் ஒரு பாதிரியாருக்கு எழுதினார். இந்த அடக்கம் பெரும்பாலும் பயன் தருகிறது. இருண்ட குகையில் ராட்சதச் சிலந்தியின் எதிரில் தோட்டக்காரன் சாம் எல்பெரெத்தைக் கூப்பிடுகிறபோது, தனக்குத் தெரியாத பாஷையில் வார்த்தைகள் வாயில் வருகின்றன. நல்ல இடம்தான். எனக்கு ஒரு குறை: அந்தத் தெய்வம் பதில் தராமல் போயிருந்தால் என்ன என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. சாம் அவளிடம் எதற்கும் கடன்பட்டவன் அல்ல, அவளோடு அவனுக்கு மனஸ்தாபமும் இல்லை. அவள் ஒரு வெளிச்சமாக நின்றுவிடுகிறாள். நெப்ரே அப்படி விட்டிருக்கமாட்டான்.

லூயிஸ் 1956இல் எழுதிய 'முகங்கள் வாய்க்கும் வரை' இந்த வகையில் தனித்து நிற்கிறது. கிரேக்க உலகத்தின் ஓரத்தில் குளோம் என்ற கற்பனை நாடு. அங்கே உங்கித் என்ற தேவதை. உருவமில்லாத கருங்கல், ரத்த வாடை, இருட்டுக் கோயில். பிறகு காலம் மாறி, புதிய பூசாரி கிரேக்கப் பாணியில் அழகான பெண் சிலை ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறான். அரசி ஓருவல் ஒருநாள் கோயிலில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கிழவி அழுதுகொண்டே வருகிறாள். சிலையைத் திரும்பியும் பார்க்காமல் பழைய கல்லிடம் போய் அழுது தீர்த்து, முகம் தெளிந்து எழுந்து போகிறாள். ஏன் அந்தச் சிலையிடம் போகவில்லை என்று அரசி கேட்கிறாள். அது பெரியவர்களுக்கும் படித்தவர்களுக்கும் உரியது, என் பேச்சு அதற்குப் புரியாது என்கிறாள் கிழவி. அவளுக்கு என்ன துயரம் என்று லூயிஸ் சொல்வதில்லை. சொல்லாததால் ஒன்றும் குறையவில்லை. அந்தக் கல்லுக்குக் காது இருப்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

நாவல் முழுவதும் ஓருவல் கடவுள்கள்மேல் தொடுக்கும் வழக்கு. தங்கையைப் பறித்துக்கொண்டார்கள் என்பது பிராது. முடிவில் அந்தப் பிராதை அவர்கள் முன் வாசிக்கும்போது, பக்கம் பக்கமாக எழுதியது சின்னக் கிறுக்கலாகச் சுருங்கியிருக்கிறது. தன் குரலைத் தானே கேட்பதுதான் பதில் என்று ஆகிறது. இங்கே லூயிஸிடம் எனக்குச் சண்டை உண்டு. பிராதுக்காரியே குற்றவாளி என்று தீர்ப்பாகி, எல்லாம் ஒளிமயமாகிவிடுகிறது; கிறிஸ்தவப் பிரசாரகர் நாவலாசிரியரின் பேனாவை வாங்கிக்கொள்கிறார். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு முன்னால் இருநூறு பக்கத்துக்கு மேல் ஓடிய கோபம் அழிந்துவிடவில்லை. கோபித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்ததால் உங்கித் தெய்வமானாள்.

லெ குவின் 1971இல் எழுதிய 'அதுவானின் கல்லறைகள்' இதை நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டுகிறது. டெனார் என்ற சிறுமியைக் குழந்தையிலேயே பெற்றோரிடமிருந்து எடுத்துவந்து, பெயரற்ற சக்திகளுக்குத் தலைமைப் பூசாரியாக்குகிறார்கள். அவள் பெயரையும் எடுத்துவிடுகிறார்கள். இனி அவள் அர்ஹா, அதாவது தின்னப்பட்டவள். அந்தச் சக்திகளுக்கும் பெயரில்லை. கூப்பிடப் பெயர் கிடையாது, கூப்பிடுகிறவளுக்கும் பெயர் கிடையாது. சடங்குகள் ஒழுங்காக நடக்கின்றன. நிலத்தடிப் புதிர்வழிகளை அவள் தடவித் தடவியே மனப்பாடம் செய்கிறாள். இருந்தும் அவள் ஒரு தடவையாவது தனக்காக எதையும் கேட்டதாக நமக்குப் படுவதில்லை. அவள் தன் பெயரைத் திரும்பப் பெறுகிறபோது அந்த வழிபாடு முடிந்துவிடுகிறது, சுவர்கள் இடிகின்றன. அந்தச் சக்திகள் பொய் என்று லெ குவின் சொல்வதில்லை. அவை உண்டு, ஆனால் வணங்கத் தகுந்தவை அல்ல என்கிறான் மந்திரவாதி கெட். நம்பிக்கை வேறு, பக்தி வேறு என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு கதை சொல்லி நான் படித்ததில்லை.

பின்னால் வந்தவர்களில் ப்ராட்செட்டின் 'சின்னக் கடவுள்கள்' (1992) இதையே வேடிக்கையாக்கியது. ஓம் என்ற மகாதெய்வம் ஆமையாகச் சுருங்கிக் கிடக்கிறது. சாம்ராஜ்யம் முழுவதும் அதன் பெயரைச் சொன்னாலும், எல்லோரும் பயப்படுவது விசாரணை மன்றத்துக்குத்தான். நிஜமாக நம்புகிறவன் தோட்டவேலை செய்யும் ப்ரூதா ஒருவன். புஜோல்டின் சாலியன் நாவல்களில் கடவுள்களுக்கு உலகத்தில் கைகள் இல்லை. ஒரு மனிதன் தன் சித்தத்தைத் திறந்துவிட்டால்தான் அவர்களால் உள்ளே வர முடியும். 2003இல் வந்த இரண்டாவது நாவலின் நாயகி இஸ்டா, கடவுள்கள் தன்னைப் பயன்படுத்திவிட்டுக் கைவிட்டதாகக் கோபத்தில் இருக்கும் நடுவயது விதவை. மாயாஜாலக் கதை என்று ஒதுக்கப்படும் இந்த வகை எழுத்தில், பழைய பாபிலோன்காரனின் கடிதத்துக்கு மிக அருகில் வருகிறவள் இவள்.

*

கற்பனை உலகம் செய்கிறவர்கள் தெய்வங்களுக்கு ஆயுதம், வாகனம், நிறம், ஆட்சிப் பரப்பு எல்லாம் ஒதுக்கி அட்டவணை போடுகிறார்கள். அட்டவணையில் ஒரு கட்டம் எப்போதும் காலியாக இருக்கிறது: இந்தத் தெய்வத்தால் நஷ்டப்பட்டவர் யார்? நாம் புராணப் பெயர்களைப் புதுக்கவிதைக்குள் கொண்டுவரும்போது நடப்பதும் இதுவே. எந்த நாட்டுப் பெயரானாலும் சரி, பெயர் வந்துவிடுகிறது, பின்னால் பெரிய நிழலும் விழுகிறது. கேட்கிறவன் மட்டும் வருவதில்லை. அவன் வராத இடத்தில் தெய்வம் வெறும் அலங்காரம். படித்தவர்களுக்காகப் பூசாரி கொண்டுவந்து வைத்த அந்தக் கிரேக்கச் சிலையைப்போல.

ஸாஃபோவின் கவிதைகளில் முழுசாக மிஞ்சியதாகக் கருதப்படுவது ஒன்றுதான். அது அஃப்ரொடைட்டிக்குச் செய்யும் விண்ணப்பம். சிட்டுக்குருவிகள் இழுக்கும் ரதத்தில் முன்பு வந்த தேவதை, இந்தத் தடவை யாரால் உனக்குக் குறை என்று ஸாஃபோவைப் பெயர் சொல்லிக் கேட்கிறாள். அலுத்துக்கொண்டு கேட்கிறமாதிரி இருக்கிறது, பழகியவர்கள் கேட்கிறமாதிரி. இரண்டாயிரத்து அறுநூறு வருஷம் கழித்தும் அந்தத் தேவதையை நாம் ஒரு ஆளாக உணர்வது அந்த ரதத்தாலும் குருவிகளாலும் அல்ல, அந்தக் கேள்வியால்.

என் ஒசைரிஸ் கவிதையை எடுத்துப் பார்த்தேன். நைலும் நாணலும் இருட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. அதை எழுதிய மாதங்களில் என் வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருந்தார். இரவில் நாலைந்து தடவை எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கவிதையில் அது ஒரு வரிகூட இல்லை.